பச்சிலைக் களிம்பை எதனோடு ஒப்பிடுவது?

கேரளத்தின் சூரியநெல்லியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் காயம் அன்றாடம் நேர்வது. கவாத்துக் கத்தி கையை வெட்டும். வெட்டிய செடியின் காம்பு முழங்காலைக் கிழிக்கும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். இத்தகைய காயங்களுக்குக் கசக்கிப் பிழியும் பச்சிலைகளில் இரண்டு பேர்பெற்றவை. ஒன்று தமிழர் வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றுப்பாசான் என்றெல்லாம் சொல்லும் சிறுசெடி. மற்றொன்று கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை எனப்படும் புதர். இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. அந்தப் புதர் கேரளத்தில் பரவியதோ கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். பழஞ்சுவடிகளின் துணையில்லாமலே ஓரிரு தலைமுறைக்குள் அது வீட்டு மருந்தாகிவிட்டது. எனவே பழமை என்பதைக் காட்டி இதை ஏற்கவும் முடியாது, மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது.

மக்கள் இந்த இலைகளிடம் கண்டவை இரண்டு. அவற்றுக்கு ஒரே மதிப்பெண் போடக்கூடாது என்பதே என் வாதம். சாறு பிழிந்ததும் ரத்தம் நிற்பது சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சாட்சியத்தை மதித்தே ஆகவேண்டும். காயம் விரைவில் ஆறுகிறது என்பது அப்படியல்ல. சுத்தமான சிறு வெட்டு எதையும் தடவாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடும். தடவியிராவிட்டால் எத்தனை நாளாகியிருக்கும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. இலையைக் காய்ச்சிய எண்ணெயிலோ களிம்பிலோ சிக்கல் இன்னும் கூடுகிறது. பிரிட்டனில் ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றித் தோலில் செய்த ஆய்வில், காற்றாட விட்ட புண்ணைவிட ஈரம் போகாமல் மூடிய புண்ணில் மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. எனவே வெறும் எண்ணெய்ப் பூச்சுகூட ஈரத்தைக் காத்து உதவக்கூடும். மூலிகைக் களிம்பை ஒன்றும் பூசாத புண்ணோடு ஒப்பிட்டால் இலைக்குச் சேராத பெருமையும் இலைக்குப் போய்விடும்; இலை சேராத அதே எண்ணெயோடு ஒப்பிட்டால்தான் நியாயம்.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. கிணற்றுப்பாசானை மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியினர் எலிகளில் ஆராய்ந்து, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் நொதியை அது எப்படிப் பாதிக்கிறது என்பதை 1991இல் வெளியிட்டார்கள். கம்யூனிஸ்ட் பச்சையின் இலையிலிருந்து வியட்நாமியர் யூபோலின் என்ற புண் மருந்தையே செய்தார்கள். அதன் சாறு தோல் செல்களை ஆக்ஸிஜனேற்றச் சிதைவிலிருந்து காப்பதாக ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. இவை ஊக்கம் தருபவை, ஆனால் தீர்ப்பல்ல. எலியின் தோலுக்கடியில் பரந்த தசைத்தகடு உண்டு. அதன் புண் பெரும்பாலும் சுருங்கி மூடுகிறது. மனிதத் தோலிலோ புதுச்சதை வளர்வதும் மேல்தோல் படர்வதுமே பெரும்பங்கு. எலியிடம் பெற்ற நாள்கணக்கை அப்படியே தொழிலாளியின் காலுக்கு எழுதிவிட முடியாது.

மஞ்சள் வழக்கிலேயே எல்லாம் நிரூபணமாகிவிட்டதே என்பார்கள். புண்ணுக்கு மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை இந்தியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997இல் ரத்து செய்ய வைத்தது உண்மை. அது பெரிய வெற்றி. ஆனால் அங்கே நிலைநாட்டியது நாம் முன்பே அறிந்திருந்தோம் என்பதைத்தான். எவ்வளவு விரைவில் புண் ஆறுகிறது என்பது அந்த வழக்கின் கேள்வியே அல்ல. நோயாளிக்கு மருந்தை மறுத்துச் சோதிப்பது அறமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கழுவுதல், கட்டுப்போடுதல், டெட்டனஸ் ஊசி ஆகியவை களிம்பு பெறுவோர், வெறும் எண்ணெய் பெறுவோர் என இரு தரப்புக்கும் சமமாகக் கிடைக்கட்டும். மண்ணிலிருந்து பறித்த பச்சிலை அந்த ஊசிக்கு மாற்றல்ல என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். தோல் ஒட்டுக்காகத் தொடையில் தோலெடுத்த இடத்தில், நோயாளியின் ஒப்புதலோடு, ஒரு பாதிக்குக் களிம்பையும் மறுபாதிக்கு வெறும் எண்ணெயையும் இடலாம். அப்போது ஒரே உடலே இரண்டுக்கும் சாட்சி.

சோதனை மிக அவசரமாகத் தேவைப்படுவது தானாக ஆறாத புண்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு. சித்த மருத்துவர்கள் ஆறாப் புண்களுக்கு இடும் மத்தன் தைலத்தில் ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் மூன்றும் சேர்கின்றன. மயில்துத்தம் செம்பின் உப்பு, கிருமிகளை ஒடுக்கவல்லது. வெறும் எண்ணெய், மயில்துத்தம் மட்டும் சேர்த்த எண்ணெய், முழுத் தைலம் என மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் ஊமத்தையின் பங்கு தெரியவரும்.