கேள்வி கேட்கக் கற்ற தலைமுறை: மலாயாப் பல்கலைக்கழகமும் தமிழ் மாணவரும்

பல்கலைக்கழகக் கல்வி மாணவரின் நடத்தையையும் தனித்திறனையும் எவ்வாறு மாற்றுகிறது என்னும் வினா இவ்வுரைக்கு உரியதாக நமக்குத் தரப்பட்டது. கல்வி உளவியலார் வினாநிரல் கொடுத்து, விடைகளை எண்ணிக்கையாக்கி இதற்கு முடிவு காண்பர். மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் வேறு வழியில் செல்ல விரும்புகிறோம். ஒருவர் எவரிடம் எப்படிப் பேசுகிறார், எவர் முன்னிலையில் பேசாமல் இருந்துவிடுகிறார் என்பதைக் கவனித்தால் அவர் நடத்தையின் பெரும்பகுதி விளங்கிவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற தமிழ் மாணவரின் பேச்சு எவ்வாறு மாறியது என்பதே இங்கு நம் ஆய்பொருள். அம்மாணவருள் நாமும் ஒருவராதலால், வரலாற்றோடு சில சொந்த நினைவுகளும் கலந்துவிடும், பொறுத்தருள்க.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அது உருவாயிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில் அங்குப் பயின்ற இந்திய மாணவர் பெரும்பாலும் நகர்ப்புறத்தினர். ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர். அரசு ஊழியர், எழுத்தர் ஆகியோரின் பிள்ளைகள். அவர்களுக்குப் பேசக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1953இல் அங்குச் சோசலிச மன்றம் அமைந்தது. அதன் இதழான 'ஃபஜார்' வெளியிட்ட தலையங்கத்திற்காக 1954 மே மாதத்தில் எட்டு மாணவர்மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. ஜேம்ஸ் புதுச்சேரியும் எம். கே. இராஜகுமாரும் அவருள் இருவர். அதே ஆண்டு ஆகஸ்டில் எண்மரும் விடுவிக்கப்பட்டனர். பல்கலைக்கழகம் மாணவரை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவோர் உண்டு. நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். அவர்கள் தன்னம்பிக்கையின் ஒரு பங்கை வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் கொண்டுவந்தவர்கள். மாற்றத்தை அளக்க வேண்டுமாயின், எதுவும் கொண்டுவராதவரைப் பார்க்க வேண்டும்.

அவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். இரப்பர்த் தோட்டத்தின் பேச்சு ஒழுங்கை இன்றைய மாணவர்க்குச் சற்று விளக்க வேண்டும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். கூப்பிடப்பட்டவர் ஒற்றைச் சொல்லில் விடையளிப்பார். கங்காணியிடம் ஒரு குரல், கிராணியிடம் அதனினும் தாழ்ந்த குரல், துரையிடம் பெரும்பாலும் குரலே இல்லை. துண்டைத் தோளிலிருந்து இறக்கி, கைகளைக் கட்டி, கேட்டதற்கு மட்டும் விடை கூற வேண்டும். கேள்வி என்பது மேலிருந்து கீழே வருவது. கீழிருந்து மேலே கேள்வி சென்றால் அதற்கு 'எதிர்த்துப் பேசுதல்' என்று பெயர். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் இதே ஒழுங்குதான். ஆசிரியர்மீது குறை கூறவில்லை; அவர்களும் அந்த ஒழுங்கில் வளர்ந்தவர்களே. ஆறாம் ஆண்டு முடித்தபின், இடைநிலைப்பள்ளிக்குமுன் ஓராண்டு புகுமுக வகுப்பு. பலருடைய கல்வி அவ்வளவில் நின்றுவிடும். ஆறாம் படிவம்வரை சென்று, பல்கலைக்கழக வாயிலை மிதித்தவர் ஒரு தோட்டத்திற்கு ஒருவர் இருந்தாலே அது பெரிய செய்தி.

அந்த வாயில் தமிழுக்குத் திறந்த கதை பலரும் அறிந்தது; ஆயினும் நம் பொருளுக்கு அது தேவை. 1950களில் இந்திய ஆய்வியல் துறை ஒன்றை அமைக்கப் பல்கலைக்கழகம் எண்ணியபோது, ஆலோசனை கூற வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். அவர் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதனை எதிர்த்து எழுதினார். இந்நாட்டு இந்தியருள் பெரும்பாலோர் தமிழராதலின் தமிழே அத்துறையின் மொழியாக வேண்டும் என்று வாதிட்டார். தமிழ் இடம் பெற்றது. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்கு நிதியும் திரட்டப்பட்டது; எளிய தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பால்மரம் சீவிய எம் தந்தையாரும் அதில் ஒரு வெள்ளி கொடுத்ததாகச் சொல்வார். அவரிடம் பற்றுச்சீட்டு ஏதும் இல்லை, நாமும் கேட்டதில்லை.

துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959இல் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1961இல் தனிநாயக அடிகள் அதன் தலைமையை ஏற்றார். இலண்டனில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர், யாழ்ப்பாணத்தவர், 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழை நடத்தியவர். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அம்மாநாட்டின் சிறப்பைப் பேசுவோர் ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையையும் நாடுகளின் எண்ணிக்கையையும் கூறுவர். நமக்கு மூத்த மாணவர் சிலர் நம்மிடம் கூறியது வேறு. பேரறிஞர் ஒருவர் கட்டுரை படித்து முடித்ததும், மற்றொருவர் எழுந்து 'இதற்குச் சான்று என்ன?' என்று கேட்டாராம். கேட்கப்பட்டவர் சினம் கொள்ளவில்லை. தம் குறிப்பேட்டைப் புரட்டி விடை கூறினாராம். இருவரும் பின்னர் ஒன்றாகத் தேநீர் அருந்தினராம். அந்த மூத்தவர்களுக்குக் கட்டுரையின் தலைப்பு மறந்துவிட்டது, தேநீர் மறக்கவில்லை.

நாம் 1970களின் இறுதியில் அங்குச் சேர்ந்தோம். கல்வி மொழி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. விரிவுரை மலாயில், நூலகத்தில் எடுக்க வேண்டிய நூல்களுள் பல ஆங்கிலத்தில், துறைக்குள் தமிழ், விடுதி அறையில் தோட்டத்துப் பேச்சு. ஒரே நாளில் நான்கு வழக்குகளுக்கிடையே நடமாட வேண்டும். முதலாண்டில் பலர் இதனைச் சுமையாகவே கருதினோம். மூன்றாம் ஆண்டில் அதனைத் திறன் என்று உணர்ந்தோம். பிற்காலத்தில் அலுவலகங்களில் எமக்குக் கைகொடுத்தது, படித்த பாடத்தைவிட இந்த நடமாட்டமே என்று கூறினால் மிகையாகாது.

பயிற்று வகுப்புதான் எங்களை முதலில் கலங்கச் செய்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி அமர, விரிவுரையாளர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தை நாங்கள் தண்டனை என்று எண்ணினோம். தவறு செய்துவிட்டோமோ என்று தலைகுனிந்தோம். சில வாரங்கள் கழிந்த பின்னரே, அவர் எங்கள் கேள்விக்காகக் காத்திருக்கிறார் என்பது புரிந்தது. நாம் கேட்ட முதற் கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. அது கேள்வியே அன்று. 'ஐயா சொன்னது சரிதான், ஆனால்...' என்று தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு வாக்கியம். அந்த 'ஆனால்' என்னும் இடைச்சொல்லை ஒரு மூத்தவர் முன்னிலையில் நாம் பயன்படுத்தியது அதுவே முதன்முறை. மொழியியல் வகுப்பில் இடைச்சொல்லைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ படித்தோம். அதன் எடையை அன்றே அறிந்தோம்.

வகுப்பறைக்கு வெளியே மாணவர் மன்றங்கள் இருந்தன. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் மாணவர் அரசியலை ஒடுக்கிவிட்டன. விளைவாக, மொழி, பண்பாட்டு மன்றங்களே பொதுப்பணி பழகும் களங்களாக எஞ்சின என்பது நம் கருத்து. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பிற்காலத்தில் சிறுகதைப் போட்டி நடத்தி 'பேரவைக் கதைகள்' தொகுப்புகளை வெளியிட்டதை இங்குள்ளோர் அறிவர். மேடையில் தெரிவது பரிசளிப்பு. அதற்குமுன் மண்டபத்திற்கு அனுமதிக் கடிதம், வரவுசெலவுக் கணக்கு, அச்சகத்தில் தவணை கேட்டல், வர இயலாது என்ற பேச்சாளர்க்கு மாற்று தேடல் ஆகியன எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகளின் கைகளில் நடந்தவை.

நாம் ஒரு மன்றத்தில் செயலாளராக இருந்தோம். முதற் கூட்டத்தின் குறிப்பை இரவெல்லாம் விழித்து எழுதினோம்: 'கடல்போல் ஆர்ப்பரித்த கருத்துப் போரில்' என்று தொடங்கியது அது. மூத்த மாணவி ஒருவர் படித்துப் பார்த்து, 'தம்பி, யார் என்ன சொன்னாங்க, என்ன முடிவாச்சு, யார் செய்யணும், எப்போ செய்யணும். இந்த நாலும் இதுல எங்க இருக்கு?' என்று கேட்டார். ஒன்றுமில்லை. திருப்பி எழுதினோம், ஐந்து பக்கம் ஒரு பக்கமாயிற்று. எம்மை எதிர்த்து வாக்களித்தவரின் கருத்தை அவர் சொன்னவாறே, குறைக்காமலும் கேலி செய்யாமலும் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஒரு பக்கத்தில் கற்றோம். முனைவர் பட்ட ஆய்வில் பிறர் கருத்தை எடுத்துக்காட்டும்போதெல்லாம் அந்த அக்காள் நினைவுக்கு வருவார்.

இங்கு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய மொழிச்சிக்கல் ஒன்று உண்டு. துறை கோலாலம்பூருக்கு இடம் மாறிய அதே 1959இல், அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஒரு மொழிச் சமூகம் உயர்வழக்கை மேடைக்கும் எழுத்துக்கும், தாழ்வழக்கை வீட்டிற்கும் தெருவிற்கும் என்று பிரித்து வைத்துக்கொள்வதை அது விளக்கியது. தமிழ் இதற்கு நல்ல சான்று. தோட்டத்து மாணவரிடம் இரண்டும் இருந்தன: லயத்துப் பேச்சு, மேடைச் செந்தமிழ். ஆனால் வாதிடுவதற்கு இரண்டும் போதவில்லை. லயத்துப் பேச்சில் மறுத்தால் சண்டையாகிவிடும். செந்தமிழில் மறுத்தால் சொற்பொழிவாகிவிடும். மன்றக் கூட்டங்களில் எதிர்க்கருத்துச் சொல்ல எழுந்தவர் அடுக்குமொழியில் பேசிக் கைதட்டல் பெற்று அமர்ந்துவிடுவார். கருத்து எங்கோ நின்றுவிடும். நாளடைவில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு தமிழ் உருவாயிற்று: 'நீங்க சொல்றது புரியுது, ஆனா செலவுக்கு என்ன வழி?' என்று மரியாதை குறையாமல் கேட்கும் தமிழ். அதனை எவரும் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை. சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005இல் தரமான பேச்சுத்தமிழை வகுப்பறைக்குக் கொண்டுவரப் பரிந்துரைத்தபோது, செந்தமிழ் கெடும் என்று அஞ்சியோர் பலர். நாம் அஞ்சவில்லை. இணக்கமாக மறுத்துப் பேசும் திறன் அந்த இடைத்தமிழில்தான் வளரும் என்பதைக் கூட்ட அறைகளில் கண்டிருந்தோம்.

மாற்றம் யாவும் நன்மையாக அமையவில்லை. பகடிவதை என்னும் பெயரில் புதியவரைச் சிறுமைப்படுத்திய மூத்தவர் இருந்தனர். பிரட்டுக்களத்தின் ஒழுங்கை விடுதிக்குக் கொண்டுவந்ததைத் தவிர அதில் புதுமை ஒன்றுமில்லை. ஊரைக் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல், அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொல்லப் பழகியவர் பலர். நாமும் ஈப்போ என்றே சொல்லிவந்தோம். தோட்டம் ஈப்போவிலிருந்து இருபது மைலுக்கு மேல். கேள்வி கேட்கக் கற்றவர், தாம் எங்கிருந்து வந்தோம் என்னும் கேள்விக்கு மட்டும் நேரான விடை கூறாமல் நழுவினோம்.

இரண்டாம் ஆண்டின் நீண்ட விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தோம். தந்தையாருக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்திருந்தது. ஊழியர் சேமநிதியை எடுக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதுவரை வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அதனை எடுத்துக்கொண்டு கிராணியிடம் செல்வதே அவர் வழக்கம். அன்று நாம் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தோம். அவர் அருகில் வந்து நின்றார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. எம்மைப் பிறந்த நாள் முதல் 'நீ' என்று அழைத்தவர், படிவத்தை இரு கைகளாலும் நீட்டி, 'கொஞ்சம் பார்த்து எழுதிக் குடுங்க தம்பி' என்றார். கிராணியிடம் அவர் இவ்வாறு சொல்லிச் சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறோம். படிவத்தை வாங்கி, பெயர், அடையாள அட்டை எண், வேலையில் சேர்ந்த ஆண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். கேட்டதற்கு மட்டும் விடை கூறினார். கடைசிப் பக்கம் முடியும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.