‘நான் அங்கேதான் இருந்தேன்’: ஸ்ரீபெரும்புதூர் படுகொலையும் சாட்சியின் மதிப்பும்



ஓரிக்கையில் நின்று வரலாறு பேசும்போது இரண்டு ஊர்கள் கண்முன் வருகின்றன. ஒன்று, இந்தச் சாலை போய்ச் சேரும் உத்திரமேரூர். இன்னொன்று, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூர். முதல் ஊரில் கல்வெட்டு சாட்சி சொல்கிறது. இரண்டாவது ஊரில் மனிதர்கள் சாட்சி சொன்னார்கள். இரண்டையும் எப்படிக் கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

1991 மே 21, இரவு சுமார் 10.20 மணி. ஸ்ரீபெரும்புதூர் அப்போது தனித்தொகுதி. செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று நம் மாவட்டத்துக்குப் பெயர் இருந்த காலம். காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, மேடைக்குப் போகும் வழியில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவரோடு காவலர்களும், கட்சிக்காரர்களும், கவிதை சொல்லக் காத்திருந்த ஒரு சிறுமியும் இறந்தார்கள்.

இந்தப் பக்கத்தில் அந்த வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “நான் அப்ப அங்கதாம்பா இருந்தேன்” என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! ஒருவர் மாலையைப் பார்த்தேன் என்பார். ஒருவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன் என்பார். இன்னொருவர், முன்கூட்டியே ஏதோ தப்பாகத் தோன்றியது என்பார். இவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் உண்மையிலேயே அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். ஆனால் அன்று கண்ணால் கண்டது எவ்வளவு, மறுவாரம் பத்திரிகையில் பார்த்தது எவ்வளவு, பிறகு சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தது எவ்வளவு என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டாய் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மறுநாளே மாணவர்களை எழுதச் சொன்னார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அதையே மறுபடி கேட்டார். பலருடைய பதில் முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனாலும் இரண்டாவது சொன்னதுதான் சரி என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஒருவர் எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறார் என்பதை வைத்து உண்மையை அளக்க முடியாது என்பது இதில் உள்ள பாடம்.

ஸ்ரீபெரும்புதூரிலும் அதுதான் நடந்தது. முதல் நாட்களில் குண்டு பூச்செண்டில் இருந்தது, பூக்கூடையில் இருந்தது என்றெல்லாம் செய்தி பரவியது. அதைத் திருத்தியவை இரண்டு. ஒன்று, ஹரிபாபு என்ற புகைப்படக்காரரின் கேமரா. அவர் குண்டுவெடிப்பில் இறந்துபோனார், கேமரா பிழைத்தது. அதில் பத்துப் படங்கள் இருந்தன. மாலையோடு நின்ற தணுவும், வெள்ளை உடையில் பத்திரிகைக்காரர் போல நின்ற சிவராசனும் அந்தப் படங்களில்தான் வெளிச்சத்துக்கு வந்தார்கள். இரண்டாவது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர் பி. சந்திரசேகரன் சிதறல்களைச் சேர்த்துவைத்துச் செய்த ஆய்வு. குண்டு பூவில் இல்லை, அந்தப் பெண் இடுப்பில் கட்டியிருந்த பட்டையில் இருந்தது என்று அது காட்டியது.

அப்படியானால் கண்ணால் கண்டவர் சொல்லுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. காவல் அதிகாரி அனுசூயா அன்று காயத்தோடு உயிர் பிழைத்தவர். அந்தப் பெண்ணைத் தான் விலக்க முயன்றதையும், ராஜீவ் அவரைத் தடுக்க வேண்டாம் என்றதையும் சொன்னவர். அவர் எங்கே நின்றார் என்பது தெரியும். அவர் உடம்பில் காயம் இருந்தது. குறுக்கு விசாரணைக்கு உட்படும் இடத்தில் அவர் பேசினார். “யாரோ சொன்னார்கள்” என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஒரு சாட்சியைக் கேட்கும்போது நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. நீங்கள் எங்கே நின்றீர்கள்? அங்கிருந்து அது கண்ணுக்குத் தெரியுமா? இதை முதன்முதலில் யாரிடம், எப்போது சொன்னீர்கள்? அன்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றா? கடைசியாக, நீங்கள் சொன்னதை எழுதியது யார்?

இந்தக் கடைசிக் கேள்வியில் ஓர் உயிரே தொங்கியது. தடா நீதிமன்றம் 288 சாட்சிகளை விசாரித்து, 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. இந்தக் குற்றத்துக்குத் தடா சட்டம் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் அதே தடாவின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதிய வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. சாதாரணச் சட்டப்படி போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

தூக்குத் தண்டனை பெற்றவர்களில் பேரறிவாளன் ஒருவர். கைதானபோது வயது 19. பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013இல் ஓர் உண்மையைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு வாக்கியம் விடுபட்டது. தூக்குக் கயிறு 2014 வரை தலைக்கு மேல் தொங்கியது. விடுதலை வந்தது 2022 மே 18 அன்று. முப்பது ஆண்டுக்கு மேல்!

தோழர்களே, இதை ஏன் ஒரு தலித் இலக்கிய மேடையில் பேச வேண்டும்?

உத்திரமேரூருக்குப் போவோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை ஜனநாயகத்துக்குச் சாட்சி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதே கல்வெட்டு கேட்கும் தகுதிகளைப் படியுங்கள். வரி கட்டும் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. அந்த நிலத்தில் உழைத்தவர் என்ன நினைத்தார் என்று பொறிக்க ஒரு கல்லும் இல்லை. நம் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது. ஆகவே சாட்சியின் மதிப்பு நமக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

அந்த மதிப்பை நமக்கு எளிதில் தரவும் மாட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் கண்டதைச் சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் நிலப்பிரபுக்களை விடுவித்தது. அவ்வளவு வசதியானவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்ற ஐயமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. கார் வைத்திருந்தவரின் வசதி, கண்ணால் கண்ட கூலித் தொழிலாளியின் சொல்லை வென்றது.

மேலவளவு வேறு பாடம் தருகிறது. 1997 ஜூன் 30 அன்று, தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். அதுவும் ஓர் அரசியல் படுகொலைதான். வெட்டுக்காயத்தோடு தப்பியவர்கள் மிரட்டலுக்கு நடுவே கண்டதை மட்டும் சொன்னார்கள், சொன்னதில் நின்றார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை நின்றது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போகும்போது, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். பேசியவர் கண்டதைத் தனியாகவும், கேள்விப்பட்டதைத் தனியாகவும் குறியுங்கள். முதல் நாளிலேயே தேதி போட்டு வையுங்கள். நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஒரு வாக்கியத்தைச் சேர்க்காதீர்கள்; பாதகமாக இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தை விடாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு பொய்ச்சாட்சி புகுந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் காட்டி நம்முடைய பத்து உண்மைச் சாட்சிகளையும் தள்ளிவிடுவார்.

ஸ்ரீபெரும்புதூரில் நின்றதாகச் சொல்லும் பெரியவரையும் மரியாதையோடு கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, “ஐயா, நீங்க எங்க நின்னீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியில் அவமரியாதை ஏதும் இல்லை. நாளை நம் சாட்சியிடமும் நீதிமன்றம் அதையேதான் கேட்கப்போகிறது.