கப்பலேறி வரும் மின்சாரம்

அந்தமான் மின்கட்டணத்தின் வரலாற்றைத் துறைமுகத்திலிருந்தே தொடங்க வேண்டும். இந்தியப் பெருநிலத்தின் மின்தொகுப்பு இத்தீவுகளை எட்டவில்லை. இங்கு மின்னாக்கம் பெரும்பாலும் டீசலைச் சார்ந்தது. அந்த டீசலோ வங்கக் கடலைக் கடந்து கப்பலில் வருகிறது. ஆகவே ஒவ்வோர் அலகின் அடக்கவிலையிலும் உலக எண்ணெய்ச் சந்தையின் ஏற்ற இறக்கமும் கப்பற்செலவும் உறைந்துள்ளன.

எனினும் வீட்டாரும் வணிகரும் அச்செலவு முழுவதையும் செலுத்துவதில்லை. இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை வரையறுக்கிறது. செலவுக்கும் வருவாய்க்கும் இடையிலான பள்ளத்தை அரசு நிதி நிரப்புகிறது. மானியம் விலையை மறைக்குமேயன்றிக் குறைக்காது. அது சுருங்கினால் முதலில் தள்ளாடுவோர் சிறுகடைக்காரரும் விடுதி நடத்துவோருமே.

அடக்கவிலையையே குறைக்க முயன்ற முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2001இல் வட அந்தமானின் கல்பாங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2020இல், பழுப்பு நிலக்கரியால் பெயர்பெற்ற நெய்வேலி நிறுவனம், மின்கலச் சேமிப்புடன் கூடிய 20 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைப் போர்ட் பிளேரில் நிறைவேற்றியது.

ஆறு மழையை நம்பியது, சூரியன் பகலுக்குரியது. டீசலை இவை முற்றிலும் அகற்றிவிடவில்லை. ஆயினும் இவை தரும் ஒவ்வோர் அலகும் கப்பலேறத் தேவையற்ற எரிபொருள். கட்டண உயர்வு குறித்த விவாதம் தொடங்க வேண்டிய இடம் இதுவே.