ஆப்த வாக்கியமும் மலாக்காத் தமிழர் சரித்திரமும்

ஒரு விஷயம் உண்மைதானா என்று துணிவதற்கு நம் தர்க்க நூலார் வகுத்த பிரமாணங்களுள் கண்ணால் காணும் பிரத்தியட்சமே தலையாயது, அதற்கடுத்தது அனுமானம், நம்பத்தக்கோர் கூற்றாகிய ஆப்த வாக்கியம் அதற்கும் பின்னரே வரும். 2003ஆம் ஆண்டு தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ இந்த வரிசை தலைகீழாகி, எழுதுபவர் தாமே கண்டதும் ஊகித்ததும் ஒதுக்கப்பட்டு, பிறர் ஆராய்ந்து பிரசுரம் செய்த ஆப்த வாக்கியமே ஏற்கப்படுவதால், தாம் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி ஆசையோடு எழுத வரும் மலாக்காக்காரர், தம் முதல் வாக்கியத்தின் அருகிலேயே ‘சான்று தேவை’ என்ற குறிப்பைக் கண்டு திகைத்துப் போகிறார். அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவனிடமா சான்று கேட்பது என்று அவர் மனம் நோவது இயல்புதான்.

1910இல் அபிதான சிந்தாமணி வெளிவந்தபோது ஆ. சிங்காரவேலு முதலியாரின் புலமையே அந்நூலுக்குப் பிணையாக நின்றது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்துக்குப் பெரியசாமித் தூரனும் தமிழ் வளர்ச்சிக் கழகமும் பொறுப்பேற்றனர். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் களஞ்சியத்திலோ எழுதுபவரின் முகம் படிப்பவருக்குத் தெரியாதாகையால், ஒவ்வொரு கூற்றும் தன் சாட்சியைத் தானே கூட்டிக்கொண்டு வரவேண்டியதாகிறது. புதியவருக்கு இவ்விதியை மொட்டையாக ஒப்பிப்பதைவிட மலாக்காவின் பழங்கதையோடு சேர்த்துச் சொல்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

1512க்கும் 1515க்கும் இடையே மலாக்காவில் வாழ்ந்த போர்ச்சுகீசியரான தொமே பிரேஸ், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து ‘கெலிங்கர்’ எனப்பட்ட வணிகர்களின் செல்வாக்கை விரிவாக எழுதி வைத்தார். ஆயினும் அவருடைய முழு நூலின் பிரதி 1937இல் பாரிஸ் நூலகமொன்றில் கண்டெடுக்கப்பட்டு 1944இல் அச்சேறும் வரை, நானூறு ஆண்டுக் காலம் அறிஞர் உலகுக்கு அது எட்டாமலே இருந்தது. 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கு, பெண்டகாரா என்னும் உயர் பதவியில் அமர்த்திய இந்து வணிகரின் பெயரைப் போர்ச்சுகீசிய ஏடுகள் ‘நீனா சாத்து’ என்றே எழுதுகின்றன. அப்பெயரின் முற்பகுதியில் நயினார் என்ற சொல்லையும் பிற்பகுதியில் செட்டி என்ற சொல்லையும் காண நமக்கு ஆசை எழலாம். ஆனால் அது அனுமானம். ஏட்டில் உள்ளதை ஏட்டில் உள்ளபடி எழுதி, அனுமானத்தை அதைச் சொன்ன ஆசிரியரின் பெயரோடு சேர்த்துரைப்பதே முறை.

மலாக்காவின் பொற்கொல்லர் தெருவிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், டச்சுக்காரர் அளித்த நிலத்தில் மலாக்காச் செட்டிகளின் தலைவரால் 1781இல் எழுப்பப்பட்டது என்பது பலரும் கூறும் செய்தி. அத்தலைவரின் பெயரை ஆங்கில நூல்கள் ஒருபடித்தாக எழுதுவதில்லை. ஒரே வாக்கியத்தைப் பத்துச் சுற்றுலாத் தளங்கள் படியெடுத்திருந்தால் அவை பத்துச் சாட்சிகள் ஆகா. களஞ்சியத்திலிருந்து ஒரு தளம் படியெடுத்த வரியைப் பிறகு களஞ்சியமே சான்றாகக் காட்டுவதும் உண்டு. இந்தச் சுழலைப் புதியவருக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

தோட்டங்களின் நிலையோ இன்னும் பரிதாபம். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்னும் சீனர் ரப்பர் பயிரிட்டதற்குச் சான்று தாராளமாக உண்டு. அம்மரங்களின் பால் வெட்டிய தமிழரின் பெயர்களோ தோட்டக் கிராணியின் செக்ரோல் என்னும் பெயர்ப்பதிவுப் புத்தகத்தோடு நின்றுபோயின. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறத் தொடங்கியபோது அப்புத்தகங்களைப் போற்றிக் காப்பார் இல்லை. எஞ்சியவை 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய இதழ்கள், சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியுள்ள தமிழ் முரசு, பள்ளி ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள் ஆகியவையே. கோயில் மலரைத் தள்ளவும் கூடாது. முழுதும் நம்பவும் கூடாது. தன் கோயிலின் கும்பாபிஷேகம் எந்நாளில் நடந்தது என்பதற்கு அது தக்க சான்று. நாட்டிலேயே பழமையான கோயில் தன்னுடையதே என்று அது பெருமை பேசினால், அதற்கு வேறொருவரின் ஆராய்ச்சி வேண்டும்.

மலாக்காவின் ஜாசின் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அத்தகைய மலரொன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். கம்பி துருவேறித் தாள்கள் கழன்றிருந்தன. பக்க எண்ணும் அச்சாகவில்லை. விக்கிப்பீடியாக் கட்டுரையில் தாம் முதலில் எழுதியிருந்த ‘நூறாண்டுப் பழமை வாய்ந்த’ என்ற தொடரைத் தாமே நீக்கி, மலரில் கண்ட தேதியை இட்டு, அட்டையிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பதினேழாம் பக்கம் என்று குறித்தார். பிறகு, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பிவந்த தம் தந்தையார் சொன்னவற்றை எங்கே சேர்ப்பது என்று கேட்டார். எந்த மலரிலும் இல்லாத செய்தி அது. கட்டுரையில் இப்போது சேர்க்க இயலாது; தந்தையார் பேரும் தோட்டத்தின் பேரும் போட்டு, அவர் சொன்னதாக உங்களுக்கு நினைவிருப்பதை முதலில் ஒரு பத்திரிகைக்கு எழுதுங்கள் என்றேன். பையிலிருந்து பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தோட்டத்தின் பெயரை மேலே எழுதி, எந்த ஆண்டு போனார் என்று தம் அக்காளுக்குத் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்.