முட்டை அரங்கு நிற்கும் நிலம்

ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவின் நடுவே, பெரியதொரு முட்டையைக் கிடத்தி வைத்தாற்போன்ற வெண்ணிறக் கட்டடம் ஒன்று இருக்கிறது. டோக்கியோ டோம் என்பது அதன் பெயர். பேஸ்பால் ஆட்டத்துக்கென 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பெற்றது. அந்நாட்டில் எழுந்த முதற் குவிமாட ஆட்டரங்கு அதுவே. எனினும் அரங்கைக் காட்டிலும் அது நிற்கும் நிலத்தின் வரலாறே என் உள்ளத்தைக் கவர்வது. மாணவ நண்பர்களே, அதனையே இன்று சொல்லப் புகுகிறேன்.

மீட்டோ நாட்டுப் பிரபுவாகிய தோக்குகாவா யோரிபுசா 1629இல் தம் மாளிகையையும் தோட்டத்தையும் இங்கே அமைக்கத் தொடங்கினார். அவர் மைந்தர் மிட்சுகுனி தோட்டத்தை நிறைவு செய்தார். சீனத்தில் மிங் அரசு வீழ்ந்தபின் ஜப்பானில் புகலடைந்த ஜூ ஷுன்ஷுயி என்னும் பேரறிஞர் அதற்குக் ‘கோராக்குவென்’ எனப் பெயர் சூட்டினார். ‘பின்னர் மகிழும் தோட்டம்’ என்பது பொருள். குடிகளின் கவலையை முன்னதாகவே ஏற்று, அவர்கள் மகிழ்ந்த பின்னரே ஆள்பவன் மகிழவேண்டும் என்னும் பழைய சீன அறத்தை உட்கொண்டது அப்பெயர்.

அப்பெயர் பூண்ட நிலத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1868இல் தோக்குகாவா ஆட்சி முடிந்தது. சில ஆண்டுகளிலேயே மாளிகை இருந்த இடத்தில் புதிய அரசின் படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. துப்பாக்கிகள் வடிக்கப்பெற்ற அச்சாலையின் நடுவே தோட்டம் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கம் ஆலையைச் சிதைக்கவே, தொழில் தென்பகுதியிலுள்ள கோக்குரா நகருக்கு மாற்றப்பட்டது. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் அணுகுண்டு விமானம் முதலில் நாடிச் சென்ற இலக்கு அந்தக் கோக்குராப் படைக்கலச் சாலையே. கீழே இலக்குத் தெரியாமற் போகவே, விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று.

டோக்கியோவில் வெறுமையான நிலத்திலே 1937இல் கோராக்குவென் ஆட்டரங்கு திறக்கப்பெற்றது. பேஸ்பால் ஆட்டத்தை 1872 அளவில் ஜப்பானிய மாணவர்க்குக் கற்பித்தவர் ஹோரேஸ் வில்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர். பாடநூலில் இல்லாததைப் பள்ளியில் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் செயல் இவ்வளவு தூரம் வேரோடியதில், என் போன்றோர்க்குச் சற்றே பெருமிதம் உண்டாவது இயல்புதானே!

அக்காலத்து இளைஞர் உள்ளங்களை ஆண்டவர் சவாமுரா எய்ஜி. 1934 நவம்பரில், பேப் ரூத், லூ கெரிக் முதலிய அமெரிக்கப் பெருவீரர்கள் ஜப்பானுக்கு வந்து ஆடினர். பதினேழே வயதான சவாமுரா, அவர்களுள் நால்வரை அடுத்தடுத்து மட்டை வீசி ஏமாறச் செய்தார். கெரிக் அடித்த ஒரே ஓட்டத்தால் அன்று ஜப்பானியர் தோற்றனர். ஆயினும் தோற்றவரின் பெயரே நிலைத்தது. பின்னர்ப் போர் வந்தது. படைக்கு மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்ட அவர் கையெறி குண்டு வீசி வீசித் தோள் கெட்டார். 1944 டிசம்பரில் அவர் சென்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27. கோராக்குவென் அரங்கிலோ பார்வையாளர் மேடையில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நின்றன. ஆடுகளத்தில் காய்கறி பயிரிட்டனர்.

அமைதி திரும்பியதும் மக்களும் திரும்பினர். 1977 செப்டம்பர் 3ஆம் நாள் ஓ சடஹாரு தம் 756ஆவது ‘ஹோம் ரன்’ அடித்து, அமெரிக்கரான ஹாங்க் ஆரனின் எண்ணிக்கையைக் கடந்தது இவ்வரங்கிலேயே.

பழைய அரங்குக்கு அருகிலேயே எழுந்ததுதான் டோம். அதன் கூரையைத் தாங்கத் தூணே இல்லை! கண்ணாடி இழைத் துணியாலான கூரையை, விசிறிகள் ஊதும் காற்றே உயர்த்தி நிறுத்துகிறது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தினும் 0.3 விழுக்காடே மிகுதி. காற்று வெளியேறாதிருக்கச் சுழற்கதவுகள் வைத்திருக்கின்றனர்.

அரங்கின் வெளிப்புறத்தே ஒரு நினைவுக்கல் உண்டு. போரில் மாண்ட தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. சவாமுராவின் பெயரும் அவற்றுள் ஒன்று. சிறிது தூரம் நடந்தால் மிட்சுகுனியின் தோட்டம். அதன் மரங்களுக்கு மேலே டோமின் வெண்கூரை தெரிகிறது.