விசா கேட்கும் சிங்கப்பூர், கேட்காத மலேசியா

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இரு கரையிலும் வேறு வேறு சட்டம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம் என்றது மலேசியா. அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தும் இருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும்.

அதனால் மலேசியா சுலபம், சிங்கப்பூர் சிரமம் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரிப்பு இரண்டு இடத்திலும் உண்டு. எப்போது விசாரிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சிங்கப்பூர் பெரும்பாலும் நாம் ஊரில் இருக்கும்போதே விசாரித்து முடித்துவிடுகிறது. 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ, குறைந்தது 6 மாதம் செல்லும் பாஸ்போர்ட் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜ் தனி. அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதவருக்கு நஷ்டம் அவ்வளவோடு போயிற்று.

மலேசியாவில் அதே கேள்விகள் கோலாலம்பூரில் இறங்கியபின் வருகின்றன. ரிட்டர்ன் டிக்கெட் எங்கே, எந்த ஹோட்டல், கையில் எவ்வளவு பணம்? வேலை தேடி வந்தவரோ என்ற சந்தேகம் குடிநுழைவு அதிகாரிக்கு வந்துவிட்டால் அங்கிருந்தே திருப்பி அனுப்பலாம். டிக்கெட், ஹோட்டல், லீவு எல்லாம் போச்சு. விசா வைத்திருப்பவரையும் சிங்கப்பூர் திருப்பி அனுப்ப முடியும். தங்கும் நாளையும் அங்குள்ள அதிகாரிதான் முடிவு செய்வார். என்றாலும் ஒருமுறை சலித்தபின் போகிறோம் என்ற தெம்பு சின்னதல்ல. முதல்முறை விமானம் ஏறுகிறவர், விசா கேட்காத நாட்டுக்குத்தான் கூடுதல் காகிதங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் விசா இருந்தால், வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கவும் சிங்கப்பூரில் வழி உண்டு. அந்த விசாவே கைக்கு எட்டாதவர்களுக்கு இதனால் என்ன பயன்?

போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பச் சொல்வதில் இரண்டு நாடும் ஒன்றுதான். இரண்டு அட்டைக்கும் காசு கிடையாது. காசு கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இறங்கி, ஜோகூர் போய், மறுபடி சிங்கப்பூர் வந்து விமானம் ஏறுவதாக இருந்தால், விசா ஒருமுறை நுழைவதற்கா, பலமுறைக்கா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். பலமுறை நுழையும் விசாவே இருந்தாலும், திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையைப் புதிதாக நிரப்பியாக வேண்டும். முதலில் நிரப்பியது இரண்டாம் நுழைவுக்குச் செல்லாது.