மல்லைக்குப் போக எந்த வண்டி?

வண்டி வாங்கப் போகிறவரிடம் "எந்த வண்டி நல்ல வண்டி?" என்று கேட்டால் அவர் விலையைச் சொல்லுவார். விற்கிறவரிடம் கேட்டால் குதிரைச் சக்தியைச் சொல்லுவார். "எந்தத் தரையில் ஓட்டப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறவர் அபூர்வம். ஆனால் வண்டியைப் பற்றிய உண்மையான கேள்வி அது ஒன்றுதான்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், மணல் மைதானங்களில், விசித்திரமான வாகனம் ஒன்று ஓடுவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற கைப்பிடி. குதிரைச் சேணம் போன்ற ஆசனம். ஊதிப் பெருத்த நான்கு டயர்கள். ஏ.டி.வி. என்கிறார்கள். எந்தத் தரையிலும் போகும் வண்டி என்று பொருள். விளையாட்டுக்கு ஒரு ஜாதி, பண்ணை வேலைக்கும் காட்டு வழிக்கும் இன்னொரு ஜாதி. இரண்டாவது ஜாதியில் நானூறு சி.சி. போதுமா, ஐந்நூற்றெழுபது வேண்டுமா, கனமானது நல்லதா, லேசானது நல்லதா என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். வாதம் புதியது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். இதே மணலைக் கடப்பதற்கு எது ஏற்ற வாகனம் என்ற ஆராய்ச்சி இந்தக் கடற்கரையில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்திருக்கிறது.

முதலில் தரையைப் பார்ப்போம். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் பதினெட்டு மைல். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். அதுவரையில் ஏரிகளும் வயல்களும் பாறைக் குன்றுகளும் நிறைந்த பூமி. கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாக மாறிவிடும். அதற்குக் கிழக்கே போகப் போக மண் மெள்ள மெள்ள மணலாகும். பிறகு உப்பங்கழி. அதைத் தாண்டினால் ஊர். ஊருக்கு அப்பால் மணல் மேடும் கடலும். பதினெட்டே மைலில் நாலு விதமான தரை! ஒன்றில் நன்றாக ஓடும் வண்டி மற்றொன்றில் படுத்துக் கொள்ளும்.

கதாசிரியர்களைக் கேட்டால், சந்தேகமில்லாமல் குதிரைக்குத்தான் வோட்டுப் போடுவார்கள். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் பரஞ்சோதி குதிரை ஏறிப் புறப்படுகிறான். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் கதைக்குள் நுழைவதே குதிரை மேல்தான். கதாநாயகனை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினால் முதல் அத்தியாயத்திலேயே வாசகர் தூங்கிவிடுவார் அல்லவா? ஆனால் சரித்திரம் கதாசிரியர்களின் சௌகரியத்தைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் நல்ல குதிரை எக்காலத்திலும் அரிய பொருள். அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வரவேண்டும். வந்த பிறகும் இந்த வெயிலையும் தீனியையும் அது தாங்க வேண்டும். பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் படும் பாட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார். அரசனும் சேனாதிபதியும் குதிரை ஏறினார்கள். நாட்டை உண்மையில் சுமந்து கொண்டு நடந்தது காளைமாடு.

அதற்குக் காரணம் ஏழ்மை மட்டும் அல்ல. காளையின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. சேற்றிலோ மணலிலோ ஊன்றும்போது அது விரிந்து இடம் பிடித்துக் கொள்கிறது. தூக்கும்போது குவிந்து சுலபமாக வெளியே வந்துவிடுகிறது. குதிரையின் குளம்பு ஒற்றைக் குளம்பு. கெட்டித் தரையில் அது ராஜா. வண்டியின் சக்கரத்திலும் இதே நியாயம்தான். நம் கட்டை வண்டிக்கு ஆள் உயரத்தை எட்டிப் பிடிக்கும் சக்கரம் வைத்தார்களே, அழகுக்காகவா வைத்தார்கள்? சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் விழாது. விழுந்தாலும் ஏறி வந்துவிடும். வேகம் இல்லை என்பது ஒன்றே குறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துரைமார்களுக்கு அந்தக் குறை பொறுக்கவில்லை. அவர்கள் கண்ட விடை பல்லக்கு. நீண்ட பிரயாணத்துக்குப் பன்னிரண்டு போயிகள். கூடவே தீவட்டி பிடிக்க ஒரு மசால்ஜி. வெயிலுக்கு அஞ்சி இரவில் புறப்படுவார்கள். உள்ளே மெத்தை விரித்துத் துரை உறங்குவார். வெளியே பன்னிரண்டு பேரும் முறை மாற்றி முறை மாற்றித் தூக்கிக் கொண்டு ஓடுவார்கள். சேறு, மணல், பாறை, முழங்கால் தண்ணீர் எதுவானாலும் மனிதக் கால் சமாளித்துக் கொள்ளும். எந்தத் தரையிலும் போகும் வண்டி என்ற பெயர் உண்மையில் அதற்குத்தான் பொருந்தும். அதன் எஞ்சின் மட்டும் மனிதத் தோள். துரைமார் எழுதிய பிரயாண நூல்களில் வழியும் வெயிலும் கோவிலும் விஸ்தாரமாக வருகின்றன. தூக்கியவர்களின் பெயரை அவற்றில் தேடிப் பிடிப்பது சிரமம்.

வாகனம் நம்மை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. ஊரை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. மாமல்லபுரத்துக்கு 'ஏழு கோவில்கள்' என்று ஐரோப்பியர் இட்ட பெயர் கடலிலிருந்து வந்த பெயர். கரையை நெருங்காமல் கப்பலில் கடந்து போன மாலுமிகள், தூரத்தில் தெரிந்த கோபுரத்தை அடையாளமாக வைத்துக் கொண்டு வழங்கியது. 1772-லும் 1776-லும் இவ்வூரைப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் அந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார். அவர் எழுதிய வருணனை 1788-ல் 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியாயிற்று. அதில் கண்ட மகாபலி கதையும், கடல் கொண்ட நகரின் கதையும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. ராபர்ட் சதே என்ற கவி அவற்றை 1810-ல் தம்முடைய 'கெஹாமாவின் சாபம்' என்ற காவியத்தில் சேர்த்துக் கொண்டார். சதே இந்தியாவில் காலடி வைத்ததே இல்லை. அவருக்குப் பல்லக்கும் தேவைப்படவில்லை, படகும் தேவைப்படவில்லை!

இன்னொரு விதமாக வந்தவர்களும் உண்டு. காலின் மெக்கன்சியிடம் பணியாற்றிய காவலி லட்சுமய்யா 1803-ல் இவ்வூரைப் பற்றி எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. கப்பல் தட்டில் நின்று எண்ணியவர்கள் ஏழு என்றார்கள். இவர் ஊருக்குள் வந்து அங்குள்ளவற்றை விவரித்தார். சேம்பர்ஸ், லட்சுமய்யா முதலானவர்களின் எழுத்துக்களையெல்லாம் திரட்டி 1869-ல் கார் என்ற ராணுவ அதிகாரி ஒரே நூலாக வெளியிட்டார். மாமல்லபுரத்தின் சரித்திரத்தை ஆராய்கிறவர்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது.

நிற்க. பல்லக்கையும் மாட்டு வண்டியையும் ஒரே சமயத்தில் தோற்கடித்த வாகனம் தரையில் ஓடவில்லை, தண்ணீரில் ஓடியது. 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1876-லிருந்து 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இணைப்பு வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. சென்னைக்கு நடுவே ஓடும் பகுதியை வெட்டியவர்கள் பட்டினியால் ஊரை விட்டு வந்த குடியானவர்கள். மண் சுமந்த கூலியில் அவர்கள் உயிர் பிழைத்தார்கள்; எத்தனையோ பேர் பிழைக்கவும் இல்லை.

அதன் பிறகு மாமல்லபுரம் போவது எளிதாயிற்று. சாயங்காலம் சென்னையில் படகு ஏறினால், நிலா வெளிச்சத்தில் பேசிக் கொண்டே போய்க் காலையில் இறங்கிவிடலாம். குலுக்கல் இல்லை, புழுதி இல்லை. உப்பும் விறகும் ஏற்றி வரும் படகுகள் எதிரே போகும். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். வாய்க்காவிட்டால் கோலால் ஊன்றுவார்கள், அல்லது கயிற்றைத் தோளில் போட்டுக் கொண்டு கரையோடு நடந்து இழுப்பார்கள். பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையை இந்தக் கால்வாய்ப் பிரயாணத்தைப் பற்றியே பாடினார். பல்லக்கு மறைந்தது உண்மை. ஆனால் தோள் மறையவில்லை. தூக்கிய தோள் இழுக்கும் தோளாயிற்று.

செங்கற்பட்டுக்கு ரயில் வந்த பிறகு இரண்டாவது வழி ஒன்று திறந்தது. ரயிலை விட்டு இறங்கி ஜட்கா பிடித்து, திருக்கழுக்குன்றத்தில் கழுகுகளுக்கு அன்னமிடுவதைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மல்லைக்குப் போய்ச் சேரலாம். ஜட்காவில் வைக்கோல் மெத்தையின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து பதினெட்டு மைல் போனவர்களின் முதுகு அந்தப் பிரயாணத்தை நெடுநாள் மறந்திருக்காது. எந்த வழியில் வருவது என்பது காலணாக் கணக்கும் கால நேரக் கணக்குமாக இருந்தது. அவசரக்காரர் ரயிலும் ஜட்காவும், ரசிகர் படகு, மூட்டை முடிச்சோடு வரும் குடும்பம் கூண்டு வண்டி.

பிறகு தார் ரோடும் பஸ்ஸும் வந்தன. 1965, 66-ம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமாயிற்று. படகுகள் குறைந்து குறைந்து நின்று போயின. 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரி வரை திறக்கப்பட்டதும், மல்லைக்குப் போக எந்த வண்டி என்ற கேள்வியே அர்த்தமற்றதாகி விட்டது. எல்லா வண்டியும் போகும். அவ்வாறு கேள்வி தீர்ந்து போன பிறகுதான், சாலையை விட்டு இறங்கி மணலில் ஓட வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு மறுபடியும் பிறந்திருக்கிறது!

அந்த ஆசைக்குப் பிறந்த வாகனத்தின் கதையும் ருசியானது. 1970-ல் ஹோண்டா கம்பெனி மூன்று சக்கரத்தோடு ஒன்றைச் செய்தது. பள்ளம் மேட்டிலும் திருப்பத்திலும் அது கவிழ்ந்து பலருக்குக் காயமும் மரணமும் நேர்ந்ததால், 1988-ல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தினார்கள். நான்கு சக்கரம் நிலைத்தது. அதன் டயரில் ரகசியம் ஒன்றுதான்: காற்று மிகக் குறைவு. அழுத்தினால் அமுங்கிப் பரவி மணல் மேல் மிதக்கிறது. காளையின் குளம்பும் இதைத்தான் செய்தது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த நம் மசூலாப் படகும் இதே காரியத்தைத்தான் செய்தது; ஐரோப்பியர்களின் உறுதியான படகை உடைத்த அலையில் அது வளைந்து கொடுத்துக் கரை சேர்ந்தது. இந்தக் கரையில் வென்றவை எல்லாம் வளைந்து கொடுத்தவையே.

ஆகவே வாதாடும் இளைஞர்களுக்குப் பழைய வண்டிக்காரர் சொல்லக்கூடிய புத்தி இது: செங்கற்பட்டுப் பக்கத்துப் பாறை வழிக்கும் சேற்றுக்கும் நான்கு சக்கரமும் இழுக்கிற, மெதுவாகப் போகக் கூடிய வண்டி வேண்டும், அங்கே கொஞ்சம் கனம் இருந்தாலும் பாதகமில்லை. மணலுக்கு லேசானதே மேல். புதைந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்படி இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமானால் நடுத்தர எஞ்சின் தாராளம். பெரிய எஞ்சின் பெருமைக்கு.

இதற்கு மேலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. பல்லக்கில் போனவர் கேட்காமல் விட்ட கேள்வி அது: என் சுகத்தை யார் சுமக்கிறார்கள்? தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை இரவில் ஏறி வந்து, மணலில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் முட்டைகள் அங்கே கிடக்கின்றன. கனத்த வண்டி மேலே ஓடினால் மணல் இறுகுகிறது. சக்கரத் தடம் ஒவ்வொன்றும் விரல் நீளக் குஞ்சுக்கு அகழி. 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைத் தேடிக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வாகனம் கால்.

வேலி போட்ட மைதானத்தில் ஓட்டுங்கள். உள்நாட்டுக் கரட்டு வழியில் அனுமதி பெற்று ஓட்டுங்கள். கடலோரத்து மணலை மட்டும் விட்டுவிடுங்கள். போயிகளைச் சரித்திரம் எழுதாமல் விட்டதற்கு, அவர்கள் எழுதத் தெரியாதவர்கள் என்று ஒரு சாக்குச் சொன்னார்கள். ஆமைக்கும் எழுதத் தெரியாது. சாக்கு இன்னொரு முறை செல்லுபடியாகக் கூடாது.